எண்ணெய், நீர், எரிவாயு செப்பரேட்டர்: அறிகுறியை வைத்து உள்ளுறுப்புக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

எரிவாயுக் குழாயில் எண்ணெய்த் துளி வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது எரிவாயுவிலுள்ள துளியைப் பிடிக்கும் டெமிஸ்டரைத்தான். கலனை நிறுத்தி, வலையை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதே தொல்லை திரும்ப வரும். கிணற்றுக் கலவையை எண்ணெய், நீர், எரிவாயு என்று பிரிக்கும் மூன்று கட்டச் செப்பரேட்டரில் கோளாறு கண்ணில் படுவது பெரும்பாலும் கடைசி உறுப்பில். அது தொடங்குவது அதற்கு இரண்டு மூன்று உறுப்புகள் முன்னால், பல நேரம் கலவை உள்ளே வரும் இன்லெட்டிலேயே. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் வெளியேறும் பக்கத்தில் ஆரம்பித்து உள்ளே வரும் பக்கம் நோக்கித் தேடிக்கொண்டு போகிறேன்.

உறுப்புகள் இருக்கும் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்லெட் நாசிலில் (குழாய் இணையும் வாயில்) வேகத்தைத் தணிக்கும் அமைப்பு, அதற்கடுத்து ஓட்டத்தைச் சமப்படுத்தும் துளைத் தகடு, சில கலன்களில் துளிகளை ஒன்று சேர்க்கும் தகட்டு அடுக்கு, எண்ணெயையும் நீரையும் பிரித்து நிறுத்தும் தடுப்புச் சுவரான வீயர், மேலே எரிவாயு வெளியேறும் இடத்தில் டெமிஸ்டர், கீழே திரவ நாசில்களில் சுழல் தடுப்பான்.

கலனைத் திறப்பதற்கு முன்

தொல்லை எப்போது ஆரம்பித்தது, எதனுடன் சேர்ந்து கூடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் வேண்டும். ஒரே நாளில் திடீரென்று வந்தது என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, கழன்றிருக்கிறது என்று நினைக்கலாம். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது என்றால் மணல், மெழுகு, உப்புப் படிவு, இல்லாவிட்டால் கிணற்றிலிருந்து வருவதே மாறிவிட்டது. ஓட்டத்தைக் குறைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் கொள்ளளவுப் பிரச்சினை. ஓட்டம் எப்படி இருந்தாலும் ஒரே அளவில் கசிகிறது என்றால் எங்கோ ஒரு இடைவெளி திறந்திருக்கிறது.

அடுத்தது லெவல் மீட்டர். பொய் சொல்லும் லெவல் மீட்டரை நம்பி நல்ல உள்ளுறுப்பைக் கழற்றி எறிவதைவிட வீண் வேலை இந்தத் துறையில் இல்லை. கலனில் இருக்கும் கண்ணாடி கேஜ், டிரான்ஸ்மிட்டர், மாதிரி எடுக்கும் வால்வு மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி கேஜுக்கு மேலே எரிவாயுவில் ஒரு இணைப்பும் கீழே நீரில் ஒரு இணைப்பும் மட்டும் இருந்து, நடுவில் எண்ணெய்ப் பகுதியில் இணைப்பே இல்லை என்றால், கண்ணாடிக்குள் தெரியும் இன்டர்ஃபேஸ் (எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டம்) கலனுக்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ் கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்ட பழைய எண்ணெய்தான் அங்கே தெரியும்.

மூன்றாவதாக, கலன் இப்போது ஓடும் அழுத்தத்தை வடிவமைப்புத் தாளில் உள்ள அழுத்தத்துடன் ஒப்பிடுங்கள். வயல் வயதாக ஆக அழுத்தம் குறைவது வழக்கம். தனி அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளந்தது) 60 பாரிலிருந்து 30 பாராக இறங்கியது, எரிவாயுவின் நிறை ஓட்டம் மாறவில்லை என்று வையுங்கள். கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், அடர்த்தி பாதியாகும். டெமிஸ்டர் தாங்கும் வேகம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். ஆனால் உண்மையான வேகம் 2 மடங்கு ஆகிவிட்டது. மொத்தத்தில் டெமிஸ்டரின் சுமை 1.4 மடங்கு. எரிவாயுவே மிகுதியாக வரும் இன்லெட் நாசிலில் உந்தமோ இரட்டிப்பாகிவிட்டது. எதுவுமே பழுதாகவில்லை, ஆனால் வடிவமைப்பு காலாவதியாகிவிட்டது. இதை அறியாமல் எத்தனை வலை மாற்றினாலும் பயன் இல்லை.

அறிகுறி: எரிவாயுவோடு திரவம் வெளியேறுகிறது

டெமிஸ்டரின் இருபுறமும் அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். கம்பி வலை என்றால் சாதாரணமாகச் சில மில்லிபார் மட்டுமே இருக்கும். முழு ஓட்டத்திலும் அளவி கிட்டத்தட்ட சுழியைக் காட்டினால் வலை இடம்பெயர்ந்துவிட்டது, இல்லை ஓட்டை விழுந்துவிட்டது. வழக்கத்தைவிட அதிகம் காட்டினால் அடைப்பு, இல்லாவிட்டால் வலை திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது.

அளவி சரியாகத்தான் காட்டுகிறது, திரவம் மட்டும் போகிறது என்றால் வேகக் கணக்குப் போடுங்கள். டெமிஸ்டர் தாங்கும் வேகத்தைத் தரும் சவுடர்ஸ்-பிரவுன் சமன்பாடு எளிது: திரவ அடர்த்தியிலிருந்து எரிவாயு அடர்த்தியைக் கழித்து, அதை எரிவாயு அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, கே மதிப்பால் பெருக்குங்கள். படுக்கையாக வைத்த கம்பி வலைக்குக் கே சுமார் வினாடிக்கு 0.107 மீட்டர். எண்ணெய் கனமீட்டருக்கு 800 கிலோ, எரிவாயு 40 கிலோ என்றால் வர்க்கமூலம் 4.36, அனுமதிக்கத்தக்க வேகம் வினாடிக்கு 0.47 மீட்டர். அழுத்தம் ஏற ஏறக் கே மதிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நுரைக்கும் எண்ணெய்க்கு இன்னும் குறைக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் வலையின் முழுப் பரப்பையும் போடுகிறோம். எரிவாயு முழுப் பரப்பிலும் போகிறதா என்பதுதான் கேள்வி. அவுட்லெட் நாசில் வலைக்கு மிக அருகில் இருந்தால் எரிவாயு நாசிலுக்கு நேர் கீழே உள்ள வட்டத்தின் வழியாகவே கிளம்பிப் போகும். கலனைத் திறக்கும்போது இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வலையின் நடுவில் ஒரு வட்டம் கம்பி பளபளக்கும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும், சுற்றி எல்லாம் கறுப்பு அழுக்கு அப்பியிருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வேலை செய்த பரப்பு அதுதான். கணக்கை அந்தப் பரப்புக்கு மறுபடி போட்டால் துளி ஏன் போகிறது என்பது உடனே விளங்கிவிடும். நாசில் விளிம்பிலிருந்து வலை விளிம்பு வரை 45 பாகையில் கோடு இழுத்துப் பார்த்து, அதற்குப் போதுமான இடைவெளி விடுவது வழக்கமான தீர்வு. உயரம் கிடைக்காத கலனில் நாசிலுக்குக் கீழே ஒரு துளைத் தகட்டைப் போட்டு ஓட்டத்தைப் பரப்பலாம்.

வேன் பேக் (வளைந்த தகடுகளின் அடுக்கு), சைக்ளோன் (சுழற்றிப் பிரிப்பது) வகை டெமிஸ்டர் என்றால் நான் முதலில் பார்ப்பது வடிகால் குழாயை. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிடிபட்ட திரவம் அந்தக் குழாய் வழியாகக் கீழே உள்ள எண்ணெய்க்குள் இறங்க வேண்டும். ஆனால் டெமிஸ்டருக்குப் பின்னால் அழுத்தம் கலனின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் கலனில் உள்ள திரவமே அந்தக் குழாய்க்குள் மேலே ஏறி நிற்கும். அழுத்த வேறுபாடு 20 மில்லிபார், எண்ணெய் அடர்த்தி 800 என்றால் ஏறும் உயரம் 255 மிமீ. குழாயில் இருப்பது பாதி நுரை, அடர்த்தி 400தான் என்றால் 510 மிமீ. உயர் லெவலில் இருந்து டெமிஸ்டரின் அடிப்பகுதி வரை இவ்வளவு உயரம் இல்லை என்றால், பிடித்த திரவம் இறங்க வழியில்லாமல் நிரம்பி, எரிவாயுவோடு மறுபடி கிளம்பிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: லெவல் மிகவும் கீழே இறங்கி வடிகால் குழாயின் முனை வெளியே தெரிந்தால், எரிவாயு அந்தக் குழாய் வழியாகவே குறுக்குவழியில் மேலே ஏறி, துளிகளையும் அள்ளிக்கொண்டு போகும்.

இதைக் கலனைத் திறக்காமலேயே சோதிக்கலாம். அலாரம் எல்லைக்குள் லெவலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். லெவலை உயர்த்தும்போது துளி குறைகிறது என்றால் குழாய் முனை வெளியே நின்றிருக்கிறது. லெவலைத் தாழ்த்தும்போது குறைகிறது என்றால் வடிகால் உயரம் போதவில்லை, இல்லாவிட்டால் திரவப் பரப்பின் மேல் ஓடும் எரிவாயு அலையைக் கிளப்பித் துளியை அள்ளுகிறது. இரண்டிலும் மாற்றமே இல்லை என்றால்தான் வேன் பேக் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்: அதைச் சுற்றியுள்ள கேஸ்கெட், பற்றவைப்பில் விட்டுப்போன இடம். விரல் நுழையும் சந்து ஒன்று போதும், எரிவாயு அதன் வழியாகப் பிரியாமல் தப்பிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் துளி போகிறது என்றால் இன்லெட்டுக்கு வாருங்கள். உள்ளே வரும் கலவையின் அடர்த்தியை அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். மேலே சொன்ன உந்தம் இதுதான், விடை பாஸ்கலில் வரும். எந்த அமைப்பும் இல்லாத வெறும் நாசிலுக்குச் சுமார் 1000, அரைக்குழாய் வகைக்கு 1500 முதல் 2000 வரை, இறக்கைகள் வரிசையாக வைத்த வேன் வகை இன்லெட்டுக்கு 6000 முதல் 8000 வரை என்பது நடைமுறையில் உள்ள எல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்கள் சற்று மாறும். எல்லையைத் தாண்டினால் இன்லெட்டிலேயே பெரிய துளிகள் சிதறிப் பொடித் துளிகளாகும். கம்பி வலை 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளியை நன்றாகப் பிடிக்கும். அதைவிடப் பொடியானது நழுவிவிடும். அப்போது டெமிஸ்டரை மாற்றுவது வீண்செலவு, இன்லெட் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். தட்டையான மோதல் தகடு வைத்த பழைய கலன்களில் அதை எடுத்துவிட்டு வேன் வகை இன்லெட் போட்டாலே டெமிஸ்டரின் பாரம் பாதி இறங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு விதிவிலக்கு. குறைந்த ஓட்டத்தில் மட்டும் துளி போகிறது, ஓட்டம் கூடினால் நின்றுவிடுகிறது என்றால் குழம்ப வேண்டாம். கம்பி வலையும் வேனும் துளியை மோதவைத்துப் பிடிப்பவை. வேகம் மிகவும் குறைந்தால் சிறு துளிகள் மோதாமல் வளைந்து போய்விடும். வடிவமைப்பு ஓட்டத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் இதை எதிர்பார்க்கலாம்.

அறிகுறி: எண்ணெயில் நீர்

முதலில் ஒரு பாட்டில் சோதனை. இன்லெட்டுக்கு முன்னால் மாதிரி எடுத்து, கலனின் வெப்பநிலையிலேயே வைத்து, எத்தனை நிமிடத்தில் நீர் பிரிகிறது என்று பாருங்கள். பாட்டிலில் 3 நிமிடத்தில் பிரிகிறது, கலனில் 8 நிமிடம் தங்கியும் பிரியவில்லை என்றால் கோளாறு கலனுக்குள். பாட்டிலிலும் பிரியவில்லை என்றால் உள்ளுறுப்பை விட்டுவிடுங்கள். வெப்பநிலை, எமல்ஷனை (நீரும் எண்ணெயும் பிரியாமல் கலந்து நிற்பதை) உடைக்கும் ரசாயனம், கலனுக்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கும் சோக் வால்வு பக்கம் போங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 12ஜே தரநிலை 35 ஏபிஐக்கு (இந்த எண் கூடினால் எண்ணெய் லேசு) மேற்பட்ட லேசான எண்ணெய்க்கு 3 முதல் 5 நிமிடம் தங்கும் நேரம் சொல்கிறது. அதைவிடக் கனமான எண்ணெய்க்கு வெப்பநிலையைப் பொறுத்து 5 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை போகிறது. கனமான எண்ணெய் வரும் கிணற்றைப் புதிதாக இணைத்திருந்தால் பழைய கலன் போதாமல் போவது இயல்பு.

கோளாறு கலனுக்குள்தான் என்று தெரிந்தால், திரவம் உண்மையிலேயே கணக்குப்படி தங்குகிறதா என்று பாருங்கள். டிரேசர் (தடம் காட்டும் பொருள்) கலந்து அவுட்லெட்டில் எப்போது வருகிறது என்று அளப்பது சிறந்த வழி. கணக்கில் வரும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலேயே உச்சம் வந்துவிட்டால், கலனின் பெரும்பகுதி தேங்கிக் கிடக்கிறது, நடுவில் ஒரு ஓடை மட்டும் ஓடுகிறது.

உடனே துளைத் தகட்டைக் குறை சொல்வார்கள். அந்தத் தகட்டால் எவ்வளவு முடியும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். எண்ணெயின் வேகம் வினாடிக்கு 20 மிமீ, தகட்டின் திறந்த பரப்பு 25 சதவீதம் என்றால் துளையில் வேகம் 80 மிமீ. அங்கே ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 8 பாஸ்கல், அதாவது 1 மிமீ எண்ணெய் உயரம்கூடக் கிடையாது. இன்லெட்டிலிருந்து வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தாரையாக வரும் திரவத்தின் இயக்க அழுத்தமோ 425 பாஸ்கல். ஐம்பது மடங்குக்கும் மேல். அந்தத் தாரையை இந்தத் தகட்டால் அடக்க முடியாது. தாரை இன்லெட் அமைப்பிலேயே அடங்கியிருக்க வேண்டும். மிச்சமுள்ள சிறு ஏற்றத்தாழ்வைத்தான் தகடு சரிசெய்யும். அதற்காகத் துளைகளைச் சிறிதாக்கி அழுத்த இழப்பைக் கூட்டிவிடலாம் என்று போனால், துளையிலிருந்து பாயும் ஓட்டம் துளிகளை உடைத்து நிலைமையை இன்னும் கெடுக்கும். திறந்த பரப்பை 20 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு, தேவையானால் இடைவெளி விட்டு இரண்டாவது தகடு போடுவது நல்லது. தகட்டின் மேல்விளிம்பு உயர் லெவலுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் திரவம் மேலாகத் தாண்டிப் போய்விடும். அடியிலும் மணல் நகரட்டும் என்று முழு அகலத்துக்குச் சந்து விடுவது தவறு. நீரில் பெரும்பகுதி அந்தச் சந்தில் புகுந்து ஓடும். சிறிய வெட்டுகள் போதும்.

தகட்டு அடுக்கு உள்ள கலனில் அதன் பலன் எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அடைப்பின் விளைவும் புரியும். எண்ணெயின் பாகுநிலை 5 சென்டிபாய்ஸ், நீருக்கும் எண்ணெய்க்கும் அடர்த்தி வித்தியாசம் 170 என்று கொண்டால், 150 மைக்ரான் நீர்த்துளி வினாடிக்கு 0.42 மிமீதான் இறங்கும். 600 மிமீ ஆழ எண்ணெயைக் கடக்க 24 நிமிடம் ஆகும். 25 மிமீ செங்குத்து இடைவெளி உள்ள தகடுகளுக்கு நடுவில் ஒரே நிமிடம் போதும். ஆக, அடுக்கின் கீழ்ப்பாதி மெழுகாலும் மணலாலும் அடைத்துக்கொண்டால் ஓட்டம் முழுவதும் மேல்பாதியில் இரட்டை வேகத்தில் போகும். பிரிய வேண்டிய துளி பிரிவதற்கு முன் வெளியே வந்துவிடும். அடுக்குக்கும் கலன் சுவருக்கும் நடுவில் உள்ள பிறை வடிவ இடைவெளி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டம் எளிதான வழியைத்தான் தேடும்.

துளியின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒரு பங்கு ஆகும். சோக் வால்வில் அழுத்தம் கூடுதலாக வெட்டப்பட்ட நாளிலிருந்து எண்ணெயில் நீர் கூடியது என்றால் காரணம் இதுதான்: வால்வு துளிகளை உடைத்துவிடுகிறது.

வீயர் கசிவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. இன்டர்ஃபேஸ் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கும்வரை எண்ணெய் சுத்தமாக இருக்கும், அந்த உயரத்தைத் தொட்டதும் நீர் சட்டென்று கூடும். அந்த உயரத்தில்தான் போல்ட் வைத்து இணைத்த தகட்டின் மூட்டு இருக்கும். வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மிமீ கணக்கில் பொருந்தும்.

அறிகுறி: நீரில் எண்ணெய்

நீரின் பாகுநிலை குறைவு என்பதால் எண்ணெய்த்துளி அதில் எளிதாக மேலேறும், ஆனால் துளிகள் மிகவும் சிறியவை. இன்டர்ஃபேஸ் தாழ்ந்து கிடக்கிறதா, நீர் அவுட்லெட்டில் சுழல் உண்டாகி எண்ணெயை உறிஞ்சுகிறதா, அடியில் மணல் சேர்ந்து நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள். குறுக்கே வைத்த இரண்டு தகடுகளாலான சாதாரணச் சுழல் தடுப்பான் போதுமானது. அது நாசிலின் விட்டத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். நாசிலுக்குள்ளேயே அடக்கமாக வைத்த தடுப்பானால் பெரிய பயன் இல்லை.

எமல்ஷன் உடைக்கும் ரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் நீர் கலங்கும். எண்ணெய் சுத்தமாகவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும் இடங்களில் இதைக் கவனியுங்கள். அளவைக் குறைத்ததும் நீர் தெளிந்தால் உள்ளுறுப்பின் மேல் பழி போட வேண்டியதில்லை.

அறிகுறி: இன்டர்ஃபேஸ் நிலையாக நிற்கவில்லை

நீர்ப்பக்கத்துக்கும் தனி வீயர் வைத்து, கட்டுப்பாட்டு வால்வு இல்லாமலேயே இன்டர்ஃபேஸைச் சமநிலையில் நிறுத்தும் கலன்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இவற்றில் ஒரு சிறு பிழைக்குக்கூட விலை அதிகம்.

எண்ணெய் வீயரின் உயரம் 1.5 மீட்டர், நீர் வீயரின் உயரம் 1.4 மீட்டர், எண்ணெய் அடர்த்தி 850, நீர் 1020 என்று வையுங்கள். நீர்ப்பக்கம் 1020 × 1.4 = 1428. எண்ணெய்ப்பக்கம் முழுவதும் எண்ணெயாக இருந்தால் 850 × 1.5 = 1275. வித்தியாசம் 153. அதை அடர்த்தி வித்தியாசமான 170ஆல் வகுத்தால் இன்டர்ஃபேஸ் 0.9 மீட்டரில் நிற்கும்.

இப்போது நீர் வீயரை 10 மிமீ உயரமாகப் பொருத்திவிட்டார்கள். இன்டர்ஃபேஸ் 60 மிமீ ஏறும். ஆறு மடங்கு! எண்ணெயின் அடர்த்தி 850லிருந்து 870 ஆனால் 0.9 மீட்டர் 0.82 ஆக இறங்கும். அதோடு, வீயரின் மேல் நீர் வழிந்தோடும் தடிமனையும் சேர்க்க வேண்டும். 2 மீட்டர் நீள வீயரின் மேல் மணிக்கு 100 கனமீட்டர் நீர் வழிந்தால் அந்தத் தடிமன் சுமார் 38 மிமீ. அதன் விளைவாக மட்டும் இன்டர்ஃபேஸ் ஏறக்குறைய 230 மிமீ உயரும். எண்ணெய் வீயரின் மேல் வழியும் தடிமன் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. நீரின் ஓட்டம் ஏறி இறங்கும் கிணறுகளில் இன்டர்ஃபேஸ் ஆடுவது இதனால்தான். அவற்றுக்கு நீர் வீயரை நீளமாகவும், உயரத்தை மாற்றத்தக்கதாகவும் வடிவமைக்க வேண்டும். எண்ணெயும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்றால் இந்த வகைக் கலனே வேண்டாம் என்பேன். கட்டுப்பாட்டு வால்வுள்ள வகைக்குப் போய்விடுங்கள்.

வால்வு உள்ள கலனிலும் இன்டர்ஃபேஸ் தடுமாறுகிறது என்றால் நடுவில் தடித்த எமல்ஷன் படலம் இருக்கலாம். மெழுகு, அஸ்பால்டீன், இரும்பு சல்ஃபைடு போன்ற பொடிகள் துளிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவை ஒன்று சேராமல் தடுக்கும். வெவ்வேறு உயரங்களில் உள்ள வால்வுகளிலிருந்து மாதிரி எடுத்தால் படலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். உள்ளுறுப்பு வழியாகச் செய்யக்கூடியது அந்த உயரத்தில் ஒரு தனி வெளியேற்றுக் குழாய் வைத்து அவ்வப்போது இழுத்துவிடுவது. மூலத்தை அறுப்பது ரசாயனமும் வெப்பமும்தான்.

அறிகுறி: நுரை

வெவ்வேறு வகை லெவல் மீட்டர்கள் வெவ்வேறு கதை சொல்லும். அழுத்த வேறுபாட்டில் வேலை செய்வது தாழ்வாகக் காட்டும், மேற்பரப்பைத் தேடுவது உயரமாகக் காட்டும். நுரை எதிர்ப்பு ரசாயனத்தைக் கொஞ்ச நேரம் செலுத்திப் பாருங்கள். மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சைக்ளோன் வகை இன்லெட் நுரையை நன்றாக உடைக்கும். மோதல் தகடு நுரையை வளர்க்கும். சிலிக்கான் சார்ந்த நுரை எதிர்ப்பியை நிரந்தரத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கிகளுக்கு அது நஞ்சு.

அறிகுறி: திரவத்தோடு எரிவாயு போகிறது

கீழே உள்ள பம்ப் இரைகிறது, அடுத்த கலனில் எரிவாயு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். மூன்று இடங்களைப் பாருங்கள். இன்லெட் சைக்ளோனின் அடிப்பகுதி திரவத்தில் போதுமான ஆழம் மூழ்கியிருக்கிறதா? இல்லையென்றால் எரிவாயு அடிவழியாக ஊதிக்கொண்டு திரவத்துக்குள் புகும். வீயரிலிருந்து எண்ணெய் அருவியாக நெடுந்தூரம் கீழே விழுகிறதா? எண்ணெய்ப் பக்க லெவலை உயர்த்தினால் விழும் தூரம் குறையும், குமிழி இழுபடுவதும் குறையும். கடைசியாக, சுழல் தடுப்பான் இன்னும் இடத்தில் இருக்கிறதா? அது கழன்று போய் வால்வில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: மணல்

நீரின் தங்கும் நேரம் மெல்லக் குறைவது, கலனின் அடிப்பகுதி தொட்டால் மேற்பகுதியைவிடக் குளிர்ந்திருப்பது, வடிகால் வால்வில் எதுவும் வராமல் போவது எல்லாம் மணல் அடைந்ததைக் காட்டும். வெப்பப் படமெடுத்தால் படுகையின் உயரம் தெளிவாகத் தெரியும்.

மணலைக் கிளறும் நீர்த்தாரை நாசில்களில் வேகம் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் இருக்க வேண்டும். முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் அடித்தால் இன்டர்ஃபேஸ் கலங்கிவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து, அடிக்கும் பகுதியின் வடிகாலை மட்டும் அதே நேரத்தில் திறந்து வையுங்கள். மணல் வரும் கிணறு என்று முன்பே தெரிந்தால் தகட்டு அடுக்கை 60 பாகைச் சாய்விலும் அகலமான இடைவெளியிலும் வைக்கச் சொல்லுங்கள். 45 பாகையில் நனைந்த மணல் வழுக்காமல் நின்றுவிடும்.

கலனைத் திறந்தபோது: உடைந்தும் கழன்றும் கிடப்பவை

திறக்கும்போது கவனம்: இரும்பு சல்ஃபைடு படிவு உலர்ந்தால் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். நனைத்தபடியே வைத்திருங்கள்.

இன்லெட்டில் திரவக் கட்டி வந்து மோதும் விசையை வடிவமைப்பில் விட்டுவிட்டால் எல்லாம் கழன்றுவிடும். அடர்த்தி 800, வேகம் வினாடிக்கு 8 மீட்டர், நாசில் விட்டம் 300 மிமீ என்றால் ஒவ்வொரு மோதலும் சுமார் 3.6 கிலோநியூட்டன். ஏறக்குறைய 370 கிலோ எடையின் விசை, அதுவும் மறுபடி மறுபடி. இது சோர்வு விரிசலை உண்டாக்கும். இறக்கைகளின் முதல் வரிசை பற்றவைப்பில் விரிசல் தேடுங்கள். நட்டுகள் இரட்டையாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் வாஷர் மட்டும் போட்டு விடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகு வலையைக் கீழிருந்து தாங்கும் கம்பிக்கட்டு இருந்தாலும், மேலிருந்து பிடித்து வைக்கும் கட்டு இல்லையென்றால் ஒரு அழுத்தத் துடிப்பில் வலை மேலே பறந்துவிடும்.

பழுதுபார்க்கும்போது கலனின் சுவரில் நேரடியாகப் பற்றவைக்கலாமா என்று கேட்பார்கள். வெப்பச் சிகிச்சை செய்யப்பட்ட கலனில் அப்படிச் செய்தால் அந்தச் சிகிச்சையை மறுபடி செய்ய வேண்டி வரலாம். ஏற்கனவே உள்ள தாங்கிகளில் போல்ட் வைத்து இணைக்கும்படி புதிய உறுப்பை வடிவமைப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு துண்டும் ஆள் நுழையும் வாயில் வழியாக உள்ளே போக வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் 600 மிமீ என்றால் கேஸ்கெட் முகம் போக உள்ளே கிடைக்கும் அளவு அதைவிடக் குறைவுதான்.

மூடுவதற்கு முன் இரண்டு சோதனை. வேன் பேக்குக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து, முன்னாலிருந்து ஒருவர் இருட்டில் பார்க்கட்டும். பெட்டியின் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் அங்கே எரிவாயு தப்பும். அப்புறம் எண்ணெய் வீயர் வரை நீரை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். மறுபுறம் ஈரமாகிறதா, வீயரின் இரு முனைகளிலும் நீர் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு முனை 5 மிமீ தாழ்ந்திருந்தால் இப்போதே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள், கதவை மூடிய பிறகு அதற்கு வழியில்லை.